மேனேஜருக்கு எதுக்கய்யா இந்தக் கல்லுடைக்கிற வேலை?

மக்களே, இது கொஞ்சம் காரமான பதிவு. ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் உட்கார்ந்து படிக்கவும் :-)

ஜெய்ப்பூருக்கு மாற்றலாகி வந்து ஐந்து வருஷம் ஆகிறது. போன வருஷத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கல் அறுத்து மெருகேற்றக் கற்றுக்கொண்டு வருகிறேன். விஷயம் இங்கே இருக்கிற நம் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்ததும் வந்த கேள்விகளை மூன்றாகத் தொகுக்கலாம். ஒன்று, "ஒரு பேங்க் மேனேஜர் பண்ற வேலையா சார் இது?" இரண்டு, "இதுல என்ன வருமானம்?" மூன்று, "நல்ல புஷ்பராகமா ஒண்ணு சல்லிசா வாங்கித் தர முடியுமா?"

முதல் கேள்வியைக் கேட்ட அதே வாய்தான் மூன்றாவதையும் கேட்டது. எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். கல்லை விரலில் போட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்களாம். அந்தக் கல்லைத் தேய்த்துக் கொடுத்த கை மட்டும் அழுக்குக் கையாம்.

என் கட்சியை நேராகச் சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு கல்லையாவது சொந்தக் கையால் தேய்த்து மெருகேற்றிப் பார்க்காதவர்களுக்குக் கல்லின் விலையைப் பற்றிப் பேசும் யோக்கியதை கிடையாது. கோபப்படாமல் மேலே படியுங்கள், காரணம் சொல்கிறேன்.

ஜெய்ப்பூரில் மரகதச் சுரங்கம் இருப்பதாக நம்மில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இங்கே பட்டை தீட்டுகிற பச்சைக்கல் பெரும்பாலும் ஸாம்பியா, பிரேசில், கொலம்பியா என்று கடல் கடந்துதான் வருகிறது. 1727-ல் சவாய் ஜெய்சிங் இந்த நகரத்தைக் கட்டிய காலத்திலிருந்து கல் வேலைக்காரர்கள் இங்கே இருக்கிறார்கள். ஊரின் சொத்து அவர்கள் கைதான். ஜோஹரி பஜாரில் ஏசி போட்ட கடையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே கல் பார்க்கும் நாம், பத்து நிமிஷம் நடந்து ராம்கஞ்ச் சந்துகளுக்குள் போய் அது எப்படித் தேய்க்கப்படுகிறது என்று பார்ப்பதில்லை. நான் போனேன். அறுபது தாண்டிய ஒரு காரீகர் எனக்கு உஸ்தாத் ஆனார். அவர் என்னை "மேனேஜர் சாப்" என்றுதான் கூப்பிடுவார், திட்டும்போதுகூட.

வேலை என்னவென்று சுருக்கமாகச் சொல்கிறேன். இதில் இரண்டு வகை. அடிப்பக்கம் தட்டையாக, மேல்பக்கம் பாதியாக நறுக்கிய நெல்லிக்காய் மாதிரி வழவழப்பாக உருட்டுவது ஒன்று. கபோஷான் என்பார்கள். மோதிரத்தில் பவளம் உட்கார்ந்திருக்குமே, அந்த உருவம். இன்னொன்று பட்டை தீட்டுவது, அதாவது சாய்வு பார்த்துச் சின்னச் சின்ன முகங்களாகத் தேய்ப்பது. வைரத்தில் நாம் பார்க்கிற வட்ட பிரில்லியன்ட் வடிவத்துக்கு 57 முகங்கள், அடிநுனியையும் ஒரு முகமாகத் தேய்த்தால் 58. புதிதாக வருகிறவர்கள் கபோஷானில்தான் ஆரம்பிக்க வேண்டும். நான் இன்னும் அங்கேதான் இருக்கிறேன்.

ஆரம்பிக்கத் தோதான கல் அகேட். இங்கே ஹகீக் என்பார்கள். மலிவு, அழகு, லேசில் உடையாது. 1812-ல் மோஸ் என்கிற ஜெர்மானியர் கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தினார். அதில் வைரம் 10, மாணிக்கமும் நீலமும் 9, அகேட் ஆறரையிலிருந்து 7. சமையலறைக் கத்தியால் கீறினால் கத்திதான் வழுக்கும். சிலிக்கன் கார்பைடு 9-க்கு மேல். அதனால் அது அகேட்டைத் தின்னும்.

மெஷின் வாங்க ஓடாதீர்கள். பெயின்டர்கள் காரைத் தேய்க்க வைத்திருக்கிற கறுப்பு வாட்டர் பேப்பர் சிலிக்கன் கார்பைடுதான். 120, 220, 400, 600, 1000, 2000 என்று ஆளுக்கு இரண்டு தாள். அடியில் வைக்க ஒரு கண்ணாடித் தகடு, ஒரு கிண்ணம் தண்ணீர். அறுத்த அகேட் வில்லை ஒன்றை வாங்கி, அதன் மேல் அலுமினியக் கம்பியின் நுனியால் நீள்வட்டம் வரையுங்கள். பென்சில் கோடு தண்ணீரில் போய்விடும், அலுமினியக் கோடு நிற்கும். கோட்டுக்கு வெளியே இருப்பதைக் கடைக்காரரிடமே வாளில் நறுக்கித் தரச் சொல்லுங்கள். பிறகு ஒரு குச்சியின் நுனியில் அரக்கை உருக்கிக் கல்லை ஒட்டிக்கொண்டு, ஓரத்தைச் சுற்றி 45 பாகை சாய்வில் ஒரு வரப்பு போடுங்கள். அந்த வரப்பின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் மழுக்கினால் ஒரு வரப்பு மூன்றாகும். அப்படியே மழுக்கிக்கொண்டே போனால் கல் தானாக உருண்டு வரும்.

ஒரு தாளிலிருந்து அடுத்த தாளுக்குப் போகும் முன் கல்லையும் கையையும் கிண்ணத்தையும் கழுவ வேண்டும். 120-ன் ஒரே ஒரு துகள் 600-க்குள் வந்துவிட்டால் கீறல் விழுந்து பழைய இடத்துக்கே திரும்ப வேண்டியதுதான். கல்லைத் துடைத்துக் காயவைத்துத்தான் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஈரத்தில் எல்லாக் கல்லும் பளபளக்கும். கடைசியில் தோல் துண்டில் சீரியம் ஆக்சைடு பொடியைத் தண்ணீரில் குழைத்துத் தேய்த்தால் மெருகு. கண்ணாடியை மெருகேற்றவும் இதே பொடிதான்.

என் முதல் கல்லுக்கு, வங்கிக்காரன் புத்தி, கணக்கு வைத்தேன். 25 மில்லிமீட்டர் நீளம், 18 மில்லிமீட்டர் அகலம். எடுத்த நேரம் 11 மணி 40 நிமிஷம், நாலு ஞாயிற்றுக்கிழமை. அதே அளவு அகேட் கபோஷான் கடையில் ஒரு மசால் தோசை விலைக்குக் கிடைக்கிறது. உஸ்தாத் மெஷினில் கால் மணி நேரத்தில் முடித்துவிடுவார், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கால் மணிக்குப் பின்னால் நாற்பது வருஷக் கை இருக்கிறது. இனிமேல் கல் கடையில் பேரம் பேசும்போது என் நாக்கு கொஞ்சம் யோசிக்கும். உங்கள் நாக்கும் யோசிக்கட்டும் என்பதற்காகத்தான் இத்தனையும் எழுதுகிறேன்.

அடுத்து ராசிக்கல். நம்பிக்கை உங்கள் சொந்த விஷயம், அதில் நான் தலையிடவில்லை. ஆனால் நம்பிக்கையோடு போகிறவர்களை எடையில் வைத்து எப்படி மடக்குகிறார்கள் என்று பாருங்கள். ரத்தி என்றால் நம் குன்றிமணி. தங்கக் கணக்கில் ஒரு ரத்தி சுமார் 0.12 கிராம். ராசிக்கல் கணக்கில் சுமார் 0.18 கிராம். இரண்டுக்கும் ஒரே பெயர்! எந்த ரத்தி என்று கேட்காமல் "அஞ்சே கால் ரத்தி குடுங்க" என்று கேட்பது, எந்த நாட்டு டாலர் என்று கேட்காமல் நூறு டாலர் வாங்குவது மாதிரி. காரட் என்றால் உலகம் முழுக்க 0.2 கிராம். எடையைக் காரட்டில் எழுதி வாங்குங்கள்.

எடைக்கு விலை என்பதால் இன்னொரு கோளாறும் வருகிறது. செவ்வந்திக்கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அடிப்பக்கச் சாய்வு சுமார் நாற்பதரைப் பாகைக்கு மேல் இருந்தால்தான் மேலே இருந்து நுழைகிற வெளிச்சம் உள்ளே முட்டித் திரும்பிக் கண்ணுக்கு வரும். சாய்வு குறைந்தால் வெளிச்சம் அடிவழியாக ஒழுகிவிடும், நடுவில் ஜன்னல் மாதிரி வெளுத்துத் தெரியும். சரியான சாய்வில் தேய்த்தால் எடை குறையும், எடை குறைந்தால் காசு குறையும். கரட்டுக் கல்லில் மூன்றில் ஒரு பங்கு தேறினாலே நல்ல பலன் என்கிற தொழில் இது. அதனால் முதலாளி "எடையைக் காப்பாத்து" என்பார், காரீகர் காப்பாற்றுவார், ஜன்னல் நம் விரலுக்கு வரும். ஒளி ஊடுருவும் கல்லை மோதிரத்தில் பதிக்கக் கொடுப்பதற்கு முன்னால் நியூஸ் பேப்பர் மேல் வைத்து நேர் மேலே இருந்து பாருங்கள். நடுவில் எழுத்து பளிச்சென்று படிக்க முடிந்தால் நீங்கள் எடைக்குத்தான் காசு கொடுக்கிறீர்கள், வேலைக்கு இல்லை.

போலிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். செயற்கை மாணிக்கம் செய்கிற முறையை வெர்னாய் என்கிற பிரெஞ்சுக்காரர் 1902-லேயே அறிவித்துவிட்டார். அது அசல் மாணிக்கத்தின் அதே பொருள், அதே கடினம். வெறும் கண்ணால் நீங்களும் நானும் பிரித்துச் சொல்ல முடியாது. விரிசல் விழுந்த மட்டமான மாணிக்கத்தில் ஈயக் கண்ணாடியை உருக்கி நிரப்புவது 2000-களின் நடுவிலிருந்து சந்தையில் இருக்கிறது. அதில் எலுமிச்சம்பழச் சாறு பட்டால்கூட நிரப்பிய கண்ணாடி அரிக்கும். மரகதத்துக்கு எண்ணெய் ஏற்றுவது காலம்காலமாக நடப்பது. இதெல்லாம் தெரிந்தும் பரிசோதனைச் சீட்டு கேட்கக் கூச்சப்படுகிறோம். இதே ஜெய்ப்பூரில் 1972 முதல் ரத்தினப் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. சீட்டு கேட்டதும் முகம் சுளிக்கிற கடையிலிருந்து செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

"கல் ஒரு முதலீடு சார்" என்கிறவர்களுக்கு வங்கிக் கவுன்டரிலிருந்து ஒரு வார்த்தை. நகைக் கடனுக்கு வருகிற கல் வைத்த நகையில் அப்ரைசர் முதலில் என்ன செய்வார்? கல்லின் எடையைக் கழிப்பார். மீதமுள்ள தங்கத்துக்குத்தான் கடன். லட்சம் கொடுத்து வாங்கிய கல்லுக்கு எங்கள் லெட்ஜரில் மதிப்பு பூஜ்யம். கல் பிடித்திருந்தால் வாங்குங்கள், போட்டு அழகு பாருங்கள். மகள் கல்யாணத்துக்குச் சேமிப்பு என்று மட்டும் சொல்லாதீர்கள்.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம்.

ஜெய்ப்பூருக்கு முன்னால் குஜராத்தில் ஆனந்த் மாவட்டத்தில் இருந்தேன். அங்கே கம்பாத் என்று ஒரு பழைய துறைமுக ஊர். பரூச் பக்கம் ரத்தன்பூரில் தோண்டுகிற அகேட்டைச் சூடாக்கி, உடைத்து, தேய்த்து மணியாக்குவது அந்த ஊரின் தொழில். ஒரு சின்னக் கடன் கணக்கு தவணை கட்டாமல் வாராக்கடனாகும் நிலைக்கு வந்ததால் ஆளைப் பார்க்கப் போனேன். வீட்டுக்குள்ளேயே சாணை இருந்தது. பக்கத்தில் கட்டிலில் அவர். வயது 36. எழுந்து உட்காரவே மூச்சு வாங்கியது. "டி.பி. மருந்து சாப்பிடறார், கேக்கலை" என்றார் மனைவி. அவர் அண்ணனும் இதே மாதிரிதான் போனாராம். நான் நீட்டிய நோட்டீஸை அந்த அம்மா கைநீட்டி வாங்கிக்கொண்டார். ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை.

அந்த நோய்க்குப் பெயர் சிலிக்கோசிஸ். அகேட் என்பது சிலிக்கா. உலரத் தேய்க்கும்போது கண்ணுக்கே தெரியாத தூசாகப் பறந்து நுரையீரலின் அடி ஆழம் வரை போய்த் தங்கிவிடும். தங்கிய இடம் தழும்பாகும். தழும்பு விழுந்த நுரையீரலை எந்த மருந்தும் பழையபடி ஆக்காது. அதன் மேல் டி.பி.யும் சுலபமாகத் தொற்றும். டி.பி.க்கு மட்டும் மருந்து கொடுத்து அனுப்பிவிட்டால் அடியில் இருக்கிற நோய் கணக்கிலேயே வராது. ராஜஸ்தானில் மணற்கல் சுரங்கங்களிலும் கல் செதுக்கும் பட்டறைகளிலும் இது பரவிக் கிடப்பதால்தான் மாநில அரசு 2019-ல் இதற்கென்று தனிக் கொள்கையே கொண்டுவந்தது. தேய்க்கிறவர் மட்டும் இல்லை, அதே வீட்டில் சமைக்கிற மனைவியும் விளையாடுகிற குழந்தையும் அந்தத் தூசியைத்தான் சுவாசிக்கிறார்கள்.

இதைத் தடுக்கிற முக்கியமான பொருள் என்ன தெரியுமா? தண்ணீர். தேய்க்கிற இடத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தால் தூசியில் பெரும்பகுதி பறக்காமல் சேறாக இறங்கிவிடும். கூடவே தூசியை உறிஞ்சி வெளியே தள்ளுகிற விசிறி, மூக்குக்குச் சரியான முகமூடி. மூக்கில் கர்ச்சீப் கட்டினால் போதாது, அந்தத் தூசி துணி நூலுக்கு நடுவே சாவகாசமாகப் போய்வரும். என் உஸ்தாத் பட்டறையில் முதல் நாள் சொல்லிக் கொடுத்த பாடம், "பானீ நஹீ, தோ காம் நஹீ." தண்ணீர் இல்லையென்றால் வேலை இல்லை. குழாயில் தண்ணீர் வராத அன்றைக்குப் பட்டறையைப் பூட்டிவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார்.

வீட்டில் செய்கிறவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள். உலர்ந்த கல்லை ஒரு தரம்கூடத் தேய்க்காதீர்கள். கிண்ணத்தில் சேருகிற சாம்பல் நிறச் சேற்றை ஈரமாகவே பழைய துணியில் வழித்துக் கட்டிக் குப்பையில் போடுங்கள். காயவிட்டுத் துடைப்பத்தால் பெருக்கினால் அது மறுபடி தூசி. சிங்க்கில் ஊற்றினால் அடியில் இறுகிக் குழாய் அடைத்துக்கொள்ளும், பிறகு தங்கமணியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது உங்கள் பாடு :-)

ஒரு நண்பர் காட்டமாகவே கேட்டார். "வயித்துப் பிழைப்புக்கு நாளெல்லாம் தேய்க்கிறவன் செத்துக்கிட்டு இருக்கான். நீ ஞாயித்துக்கிழமை பால்கனியில உக்காந்து விளையாடிட்டு அவன் கஷ்டம் தெரிஞ்சுபோச்சுன்னு சொல்றது அவனைக் கேவலப்படுத்தறது இல்லையா?" நியாயமான கேள்வி. என் 11 மணி 40 நிமிஷமும் அவருடைய முப்பது வருஷமும் ஒன்றாகாது. முதுகு வலித்தால் நான் எழுந்து காபி குடிக்கப் போகலாம், அவரால் முடியாது. ஆனால் கல்லைத் தொட்டவனுக்கு ஒரு கேள்வி கேட்கத் தெரியும். "இதை எங்கே தேய்த்தீர்கள், தண்ணீர் விட்டுத் தேய்த்தீர்களா?" கடையில் நான் இப்போது விலைக்கு முன்னால் இதைத்தான் கேட்கிறேன். பத்துக் கடையில் ஒன்பதில் விழிக்கிறார்கள். கேட்கிறவர் ஒருவர் என்றால் கிறுக்கன் என்பார்கள். நூறு பேர் கேட்டால் தண்ணீர்க் குழாய்க்கும் விசிறிக்கும் செலவு செய்கிற பட்டறைக்கு ஆர்டர் போகும். அந்தச் செலவைப் பேரத்தில் அடித்துப் பிடுங்குகிறவர்கள் வாங்குகிற நாம்தான், வேறு யாரும் இல்லை.

கடைசியாகப் பிள்ளைகள். "படிக்கிற பையனுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்கிறார்கள். பொங்கல் விழா மேடையில் மட்டும் "குழந்தைகள் பட்டை தீட்டாத வைரங்கள்" என்று பேசத் தவறுவதில்லை. பட்டை தீட்டுவதை ஒரு தடவை பார்த்திருந்தால் அப்படி அவசரப்பட்டுப் பேச மாட்டார்கள். ஒவ்வொரு கல்லிலும் விரிசல் எங்கே ஓடுகிறது, நிறம் எந்தப் பக்கம் தேங்கியிருக்கிறது என்று உஸ்தாத் விளக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கை வைப்பார். எல்லாப் பிள்ளைகளையும் ஒரே அச்சில் தேய்க்கக் கோட்டாவுக்கு ரயில் ஏற்றுகிற நாம் இந்த உவமையைப் பேசவே கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கை வேலை நமக்குக் கேவலம் என்கிற எண்ணம் எங்கிருந்து வந்ததோ, நம் மண்ணிலிருந்து அல்ல. நொய்யல் கரையில் ஈரோடு மாவட்டம் கொடுமணலில் தோண்டியபோது பெரில், படிகம், சூதுபவளம் என்று மணிகள் கிடைத்தன. முடித்த மணிகளோடு பாதியில் நின்ற மணிகளும் கிடைத்ததால்தான் அது பட்டறை இருந்த ஊர் என்று தெரிந்தது. ஆங்கிலத்தில் மாணிக்க வகைக் கனிமத்துக்குக் கொரண்டம் என்று பெயர். அது நம் குருந்தத்திலிருந்து போன சொல். நம் காலத்திலேயே திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு சாணை வைத்துச் செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டிப் பிழைத்தார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகளில் சிலர் இன்று நம்மோடு ஜெய்ப்பூரிலும் புனேயிலும் லேப்டாப் தட்டிக்கொண்டிருக்கலாம். தாத்தா என்ன வேலை செய்தார் என்று கேட்டால் "ஏதோ பிசினஸ்" என்று சொல்லாமல் இருந்தால் சரி.

ஆகவே மகாஜனங்களே, அடுத்த விடுமுறைக்கு ஊரிலிருந்து உறவுக்காரர்கள் கல் பட்டியலோடு வந்து இறங்கும்போது கடைக்குக் கூட்டிப் போவதற்கு முன்னால் வீட்டில் ஒரு அகேட் துண்டையும் 120 நம்பர் வாட்டர் பேப்பரையும் கையில் கொடுங்கள். ஒரு மணி நேரம் தேய்க்கட்டும். ஆசை இருந்தால் அப்புறம் கடைக்குப் போகலாம்.

திட்ட விரும்புகிறவர்கள் பின்னூட்டத்தில் தாராளமாகத் திட்டலாம், ஒன்றையும் அழிக்க மாட்டேன்.

டிஸ்கி: புஷ்பராகம் சல்லிசாக வாங்கித் தர முடியுமா என்று மட்டும் யாரும் தனி மெயில் போட வேண்டாம். வாட்டர் பேப்பர் வேண்டுமென்றால் சொல்லுங்கள், வாங்கி அனுப்புகிறேன்.